பதினோரு மொட்டைத் தேங்காய்

தடக்.

சத்தம் மேலே மாடத்திலிருந்து வந்தது. அடுத்து தடக், தடக், தடக் என்று இரும்பு ஏணியின் படிக்குப் படி இடித்துக்கொண்டு ஏதோ ஒன்று உருண்டு இறங்கியது. செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வி நிமிர்வதற்குள் அது தரையில் விழுந்து, அடுப்பு மேடையில் மோதி, அவள் காலடியில் வந்து நின்றது.

தேங்காய்.

"என்ன சத்தம் அங்க?" என்றார் போனில் மீனாட்சியம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. பக்கத்து வீட்டுல ஏதோ விழுந்திருக்கு. நீங்க சொல்லுங்க."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நாலு மணின்னா நாலு மணிக்கு செம்பூர்ல இருக்கணும். நாலே கால் கிடையாது. இருபத்தொரு தட்டையும் நானே எண்ணித்தான் வாங்குவேன். தேங்காய்த் தட்டு எல்லாத்துக்கும் முன்னால போகும், தெரியும்ல?"

"தெரியும்மா. மூணு தேங்காய்த் தட்டு மட்டும்தான் பாக்கி. மஞ்சள் மங்கிடக் கூடாதுன்னு கடைசியா வச்சிருக்கேன்."

சொல்லிக்கொண்டே குனிந்து தேங்காயைக் கையில் எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. உச்சியில் இருக்க வேண்டிய குடுமி இல்லை. ஒரு நார் கூட இல்லை. மூன்று கண்ணும் வெளியே தெரிய, அன்றைக்குத்தான் முடியிறக்கிய குழந்தை மாதிரி அவளைப் பார்த்தது.

போனை வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள்.

தாராவியில் அவர்கள் இருப்பது ஒரே அறை. அதற்கு மேல் பலகை போட்டு எழுப்பிய மாடம்தான் இசக்கிசெல்வியின் பட்டறை, கிடங்கு, அலுவலகம் எல்லாம். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் சீர்வரிசைத் தட்டு அலங்கரித்துக் கொடுப்பது அவள் தொழில். பட்டுச்சேலையை மயிலாக மடிப்பாள், வளையலைக் கோபுரமாக அடுக்குவாள், வெற்றிலையை விசிறியாக விரிப்பாள். பதினெட்டுத் தட்டுகள் கண்ணாடித்தாள் சுற்றிச் சுவரோரம் தயாராக நின்றன. அவற்றுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவள் மகள் முத்தரசி. வயது ஏழு. அவளைச் சுற்றிலும் தேங்காய் நார், சலூன் கடைத் தரையில் முடி கிடப்பது போல.

மீதிப் பத்துத் தேங்காயும் வரிசையாக இருந்தன. பத்தும் மொட்டை.

"ஏட்டி, என்னட்டி பண்ணி வச்சிருக்க?"

அரசி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

கத்தரி பட்ட அடையாளம் எதுவும் இல்லை. எல்லாம் கையால் பிய்த்தது. ஒவ்வொரு நாராக, அடிவரைக்கும், பொறுமையாக. படிக்க உட்காரச் சொன்னால் ஐந்து நிமிடம் தாங்காத பிள்ளை, ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறாள். மேலே சத்தம் இல்லையே என்று இசக்கிசெல்வி சந்தோஷப்பட்டதும் இந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான்.

அவள் கை ஓங்கியது. ஓங்கியதும் அரசி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. இறங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்ன சத்தம்?" கீழே பீரோவுக்குப் பக்கத்தில் போர்வைக்குள்ளிருந்து மகேஷ்குமாரின் குரல் வந்தது. டிராம்பேயில் ஒரு காண்ட்ராக்டரிடம் ஸ்டோர் வேலை அவனுக்கு. இந்த வாரம் இரவு ஷிப்ட். "விடிய விடிய டூட்டி பாத்துட்டு வந்து இப்பந்தான் கண்ண மூடுதேன்."

"கொஞ்ச நேரம் பிள்ளையப் பாத்துக்கிடுங்கன்னுதான சொன்னேன்? பதினோரு தேங்காயவும் மொட்டையடிச்சு வச்சிருக்கா உங்க மக."

மகேஷ்குமார் எழுந்து ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தான். ஒரு தேங்காயை எடுத்து உருட்டினான். "சும்மா சொல்லக் கூடாது, சுத்தமாத்தான் பிச்சிருக்கா."

"சிரிப்பு வருதோ உங்களுக்கு?"

"பின்ன என்ன செய்ய? சட்னித் தேங்காய்க்கு நார் பிக்கப் பழக்குனது யாரு? நீதான். அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணுவோம்னு பிச்சிருக்கு பிள்ளை."

அது உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சட்னிக்குத் தேங்காய் உடைக்கும்போது, காலைச் சுற்றிக்கொண்டே நின்ற பிள்ளையிடம் ஒரு தேங்காயைக் கொடுத்து, நாரைப் பிய்த்துத் தா என்று உட்கார வைத்தது அவளேதான். வீட்டுத் தேங்காய்க்கும் சீர்த் தேங்காய்க்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம் இருந்தது?

மொட்டைத் தேங்காயை மங்கல காரியத்துக்கு வைக்க மாட்டார்கள். குடுமியோடு, கண் மூடித்தான் இருக்க வேண்டும். நிச்சயதார்த்தத் தட்டில் மொட்டைத் தேங்காய் போனால், அது போன கதை ஊர் வரைக்கும் போகும். பேரப்பிள்ளை காலத்திலும் பேசுவார்கள்.

அதுவும் மீனாட்சியம்மாள் கையில். செம்பூரில் கல்யாண காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறவர் அவர். பூ, பந்தி, மேளம், மேடை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் வைத்திருக்கிறார். தட்டுக்கு மட்டும் இன்னும் ஆள் சரியாக அமையவில்லை. "இந்த ஒண்ணைப் பண்ணிக் காட்டு, பார்க்கலாம்" என்றுதான் இந்த நிச்சயத்தைக் கொடுத்திருந்தார்.

அதைவிடப் பெரியது இன்னொன்று இருந்தது. மூன்று நாளைக்கு முன்னால் இதே அறையில் வந்த சண்டை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டாவது தடவையும் அவள் போகவில்லை. கண்ணாடித்தாள் வாங்க கிராபர்ட் மார்க்கெட் போனவள், ரயில் லேட்டாகி மாட்டிக்கொண்டாள். "தட்டா, பிள்ளையா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்று மகேஷ்குமார் கேட்டான். அவளுக்கும் வாய் நீண்டுவிட்டது. "இந்த ஒரு ஆர்டர் நல்லபடியா முடியட்டும். முடியலன்னு வைங்க, தட்டு, சரிகை, லேஸ் எல்லாத்தையும் மூட்டை கட்டித் தூரப் போட்டுட்டு உங்க மகளையே பாத்துக்கிட்டு வீட்டுல கெடக்கேன். போதுமா?" என்றாள். அவன் "போதும்" என்றான். நடுவில் உட்கார்ந்து அரசி இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

வார்த்தை விட்டாயிற்று. இனி அதை விழுங்க முடியாது. இந்த வீட்டில் அவள் எது சொன்னாலும் மறந்து போகும் மனுஷனுக்கு, இது மட்டும் மறக்கவே மறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன மக்களே, காலையிலயே ஒரே கூச்சல்?" பக்கத்து வீட்டு ரோசம்மா வாசலில் வந்து நின்றாள். ஆப்பமாவு விற்கிறவள். கையெல்லாம் மாவு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஏணியில் ஏறி வந்து ஒரு தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "நல்ல முத்தின காய்தானே. உங்க ஆளுகளுக்கு மொட்டைத் தேங்காய் ஆகாதோ?"

"ஆகாதுக்கா."

"அப்ப ஒட்டிரு. உன்கிட்ட அந்தச் சூட்டுப் பசைத் துப்பாக்கி இருக்குல்லா? நாரைப் பொறுக்கி மறுபடி ஒட்டிரு. மஞ்சளைப் பூசினா எவளுக்குத் தெரியும்?"

இசக்கிசெல்விக்கு அது தோன்றாமல் இல்லை. ரோசம்மா சொன்னதும் தைரியம் வந்தது. பசைத் துப்பாக்கியைச் சுவர் பிளக்கில் செருகிச் சூடாக்கினாள். நாரை அள்ளி, கோதி, அடியில் பசை விட்டு ஒரு தேங்காயின் தலையில் வைத்து அழுத்தினாள். ஆறியதும் பார்த்தால் அசல் குடுமி தோற்றுப்போகும். ரோசம்மா, "இந்தா, முடிஞ்சுது சோலி" என்றாள்.

இசக்கிசெல்வி தேங்காயைக் குடுமியைப் பிடித்துத் தூக்கினாள். தொங்கியது. லேசாக ஆட்டினாள். அப்போதும் தொங்கியது. மூன்றாவது ஆட்டில் குடுமி கையில் நிற்க, தேங்காய் பலகையில் விழுந்து ஓடியது.

மேடையில், நூறு பேர் பார்க்க, மாப்பிள்ளையின் அம்மா கையில் குடுமி மட்டும் நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். துப்பாக்கியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"வேற காய் வாங்கப் போறேன். மணி என்ன?"

"பதினொண்ணு ஆகப் போகுது."

மூன்று மணிக்குத் தட்டு ஏற்ற கரீம் பாட்சாவின் டெம்போ வந்துவிடும். நடுவில் நாலு மணி நேரம். அதில் காய் தேட வேண்டும், மஞ்சள் பூச வேண்டும், கல் ஒட்ட வேண்டும், மாப்பிள்ளை, பொண்ணாக அலங்கரிக்கும் இரண்டு காய்க்கு உடுப்புக் கட்ட வேண்டும். பதினோரு மொட்டைத் தேங்காயையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரன் யாராவது மாற்றிக் கொடுத்தால் கொடுக்கட்டும் என்ற நப்பாசைதான்.

"பிள்ளையவும் கூட்டிட்டுப் போ" என்றான் மகேஷ்குமார், மறுபடி போர்வைக்குள் போய்க்கொண்டே.

"இந்த மழையிலயா? அவளுக்குத்தான் மழைன்னு ஸ்கூலே லீவு விட்டிருக்கான்."

"நான் தூங்கிருவேன். அவ அடுத்து அந்த மயிலச் சேலையாக்குனா, அதுக்கும் என்னையத்தான் சொல்லுவ."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த வீட்டில் எல்லோரிடமும் நியாயம் இருந்தது, அவளிடம் மட்டும் நேரம் இல்லை.

ரோசம்மாவிடம் விடலாமென்றால், அவள் வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. வருகிறவர்களுக்கு மாவு அளந்து கொடுக்கவே அவளுக்குக் கை போதாது.

ஒரு தோளில் தேங்காய்ப் பை, ஒரு கையில் குடை, ஒரு கையில் அரசி. தொண்ணூறு அடி ரோட்டில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் நிற்கவில்லை என்பதுதான் அன்றைய ஒரே நல்ல செய்தி. மறுநாளைக்கு மறுநாள் கணபதி பண்டிகை, நம் விநாயகர் சதுர்த்தி. ரோடெல்லாம் பந்தல். தேங்காய்க்கடைக்காரன் இவளைப் பார்த்ததுமே கையை விரித்தான்.

"ஷேண்டீவாலா கதம், தாயி. சப் கணபதி மே கயா."

குடுமி வைத்ததெல்லாம் கணபதிக்குப் போய்விட்டது. பக்கத்துக் கடை, எதிர்க்கடை, சந்து முனைத் தள்ளுவண்டி. எல்லா இடத்திலும் இதே பதில். ஒருவன் மட்டும் உள்ளேயிருந்து இரண்டு காய் எடுத்து வந்தான். இரண்டிலும் ஆட்டினால் தண்ணீர் சத்தம் இல்லை.

"அம்மா, கால் வலிக்கு" என்றாள் அரசி.

"வலிக்கட்டும்."

சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலிருந்தது. ஆனால் சமாதானம் சொல்ல நின்றால் அதற்கும் ஒரு நிமிடம் ஆகும். டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தி மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு விடச் சொன்னாள்.

சயான் பாலத்துக்குக் கீழே வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் ஹாரன். போன் சிணுங்கியது. அரசியின் டீச்சர், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். 'லீவானாலும் வொர்க்‌ஷீட் இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும், அம்மாக்கள் கவனிக்கவும்.' அம்மாக்கள் மட்டும். அந்தக் குழுவில் பதினேழு அப்பாக்களும் இருக்கிறார்கள் என்பது டீச்சருக்குத் தெரியாது போலிருக்கிறது. இசக்கிசெல்வி பையைத் துழாவி ஒரு பில் காகிதத்தின் பின்பக்கத்தையும் பேனாவையும் எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"போனப் பாத்து இந்தக் கழித்தல் கணக்க எழுது."

அரசி டாக்ஸிக் குலுக்கலில் கோணல்மாணலாக எழுதினாள். இரண்டு கணக்கு முடித்ததும் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, அங்கயும் தேங்காய் இல்லன்னா?"

"இருக்கும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா அம்மா கதை முடிஞ்சுது. எழுது."

"எப்படி முடிஞ்சுது?"

"தொணதொணக்காத, பிள்ளை. எழுதுன்னு சொன்னேன்லா?"

பிள்ளை பயந்து போயிருக்கிறாள், தான் செய்தது புரிந்து வருந்துகிறாள் என்று இசக்கிசெல்விக்குத் தோன்றியது. குனிந்து அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். "நீ தெரியாமத்தான செஞ்ச. போகட்டும்." அரசி மூன்றாவது கணக்குக்குப் போனாள்.

மாட்டுங்காவில் கணேசபாண்டியன் கடையில் தேங்காய் மலையாகக் குவிந்திருந்தது. வழுக்கைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து ஏதோ வேலையாக இருந்தார். பார்த்ததும் இசக்கிசெல்விக்கு உயிர் வந்தது. எல்லாம் குடுமி வைத்த காய்.

"அண்ணாச்சி, பதினோரு காய் வேணும். நல்ல குடுமியாப் பாத்து."

"இல்லியேம்மா."

"இம்புட்டு வச்சிக்கிட்டு இல்லங்கீங்க?"

"வச்சிருக்கேன், ஆனா என்னுது இல்லையே. அந்தக் குவியல் பந்தல் போட்டுக் கணபதி வைக்கிற மண்டலுக்கு. பின்னால உள்ளது இன்னொரு மண்டலுக்கு. எண்ணி வாங்க ஆள் வந்துக்கிட்டே இருக்கான். ஒண்ணு குறைஞ்சாலும் நாளைக்குக் கடை வாசல்ல வந்து டோலக் அடிப்பான்."

"நிச்சயதார்த்தம் அண்ணாச்சி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு. பொம்பளப் பிள்ளை காரியம்."

"அதுக்கு நேத்தே வாங்கியிருக்கணும்லா?"

"நேத்தே வாங்கிட்டேன்."

"வாங்கினது எங்க?"

அவள் பையைத் திறந்து காட்டினாள். கணேசபாண்டியன் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அரசியைப் பார்த்தார். வெகு நேரம் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுத் தோற்றுப்போனார்.

"யாரு, இவுகளா? ஏ தாயி, உனக்கு எதுவும் வேலை வேணுமா? எங்கிட்ட இதே வேலைதான் மூணு சாக்கு கெடக்கு."

சொல்லிவிட்டு மறுபடி கையிலிருந்த வேலைக்குத் திரும்பினார். அப்போதுதான் இசக்கிசெல்வி அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தாள். மடியில் ஒரு தேங்காய். உச்சியிலிருந்து நாரைக் கொத்தாகப் பிடித்து ஒரு இழு. பிய்த்த காய் வலப்பக்கச் சாக்கில். அடுத்த காய் இடப்பக்கச் சாக்கிலிருந்து, முழுக் குடுமியோடு.

"அண்ணாச்சி, இத எதுக்குப் பிக்கீங்க?"

"இது ஓட்டலுக்கு. இட்லிக்கடைக்காரன் நார் இருந்தா வாங்க மாட்டேங்கான். சட்னியில விழுதாம். சுத்தம் பண்ணித்தான் கொடுக்கணும். இந்த மழையில ஆளும் வரல. நானே உக்காந்து..."

அவர் பாதியில் நிறுத்தினார். இசக்கிசெல்வி அதற்குள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தாள். பதினோரு மொட்டைத் தேங்காயும் அவர் காலடியில் உருண்டன.

"எண்ணிக்கிடுங்க. பதினொண்ணு. ஒரு நார் கிடையாது. உங்களுக்குப் பிக்கிற வேலை மிச்சம். அந்தச் சாக்குல இருந்து குடுமியோட பதினொண்ணு எனக்கு."

கணேசபாண்டியன் ஒரு காயை எடுத்து விரலால் தடவினார். இன்னொன்றை ஆட்டிக் காதில் வைத்தார். "என் கை கூட இப்படிப் பிக்காது" என்று முணுமுணுத்துவிட்டு, இடப்பக்கச் சாக்கை அவள் பக்கம் தள்ளினார். "பொறுக்கிக்கிடு. மண்டல்காரன் கண்ணுல படாமப் போ."

திரும்பி வரும்போது மணி ஒன்றேகால். வழியில் வாங்கிய வடாபாவைத் தின்றுகொண்டே அரசி மீதிக் கணக்கை எழுதினாள். டாக்ஸியிலேயே படம் பிடித்து இசக்கிசெல்வி டீச்சருக்கு அனுப்பினாள். 'கையெழுத்தில் கவனம் தேவை' என்று உடனே பதில் வந்தது.

பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது. யுத்தம். மாடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து மஞ்சளைப் பூசினாள். டேபிள் ஃபேனைத் தேங்காய் பக்கம் திருப்பிக் காய வைத்தாள். சரிகை சுற்றினாள், கல் பதித்தாள். மாப்பிள்ளைத் தேங்காய்க்குத் தலைப்பாகை கட்டினாள். பொண்ணுத் தேங்காய்க்கு நெற்றிச்சுட்டி வைத்தாள். ரோசம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து கண்ணாடித்தாளைப் பிடித்துக் கொடுத்தாள். பசை இரண்டு தடவை விரலைச் சுட்டது. கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. அரசி கீழ்ப்படியில் உட்கார்ந்து, "அம்மா, தண்ணி", "அம்மா, ஒண்ணுக்கு", "அம்மா, இதப் பாரேன்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒன்று கேட்டாள். எதைப் பார்க்கச் சொன்னாள் என்று இசக்கிசெல்விக்குத் தெரியாது. பாக்கேன், பாக்கேன் என்று சொல்லிக்கொண்டே பார்க்காமல் இருந்தாள்.

இரண்டு மணிக்கு மகேஷ்குமார் எழுந்து கீழேயிருந்து குரல் கொடுத்தான். "சோறு இருக்கா?"

"தேங்காய் இருக்கு. திங்கீங்களா?"

கீழே குக்கரில் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்படவும் நேரம் இல்லாததால் அடுத்த கல்லை எடுத்தாள்.

மூன்று மணிக்குச் சந்து முனையில் கரீம் பாட்சாவின் டெம்போ ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. மகேஷ்குமார் ஏணியில் நின்று ஒவ்வொரு தட்டாக வாங்கி இறக்கினான். சந்தில் குடை பிடித்தபடி ரோசம்மா முன்னால் போக, அவன் பின்னால் தட்டோடு போனான். இருபத்தொரு நடை. கடைசித் தட்டை ஏற்றிவிட்டு, நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே, "இவள விட்டுட்டுப் போறியா?" என்றான்.

"டூட்டிக்கு எப்பக் கிளம்புவீங்க?"

"ஆறு மணிக்கு."

"நான் வர ஏழாகும். நடுவுல ஒரு மணி நேரம் யாரு பாப்பா?"

அரசி ஏற்கெனவே டெம்போவில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செம்பூர் மண்டபத்தில் இறங்கினார்கள். மீனாட்சியம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தட்டாக மேடையில் வைக்கச் சொன்னார். எண்ணினார். இருபத்தொன்று. மறுபடி ஒரு தடவை எண்ணினார். மயிலைப் பார்த்து, "கழுத்து கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு" என்றார். இசக்கிசெல்வி நேராக்கினாள். வளையல் கோபுரத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் தேங்காய்த் தட்டுக்கு வந்தார். பொண்ணுத் தேங்காயின் குடுமியைக் கொத்தாகப் பிடித்தார். தூக்கினார். இரண்டு ஆட்டு ஆட்டினார்.

இசக்கிசெல்விக்கு மூச்சு நின்றது. ஒட்டின குடுமி இல்லை, அசல் குடுமி என்று தெரிந்தும் நின்றது.

"கணபதி சீசன்ல இவ்வளவு நல்ல குடுமி எங்க பிடிச்சே?" மீனாட்சியம்மாள் தேங்காயை வைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். "போன தடவை ஒருத்தி கொண்டுவந்தா. தூக்கினேன், கையோட வந்துடுச்சு. பசை போட்டு ஒட்டியிருந்தா. அன்னைக்கோட அவ நம்பரை அழிச்சேன்."

"அப்படியாம்மா" என்றாள் இசக்கிசெல்வி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தை மாசம் எனக்கு ஏழு முகூர்த்தம் இருக்கு. ஏழுக்கும் தட்டு நீதான். அடுத்த வாரம் வா, பேசலாம்." பிறகு தூணோரம் சொட்டச் சொட்ட நின்ற அரசியைப் பார்த்தார். "யாரு, பொண்ணா? வீட்ல பார்த்துக்க ஆள் இல்லையா?"

"இன்னைக்கு ஸ்கூல் லீவும்மா."

"அடுத்த தடவை தனியா வா. வேலை இடத்துல குழந்தை இருந்தா நல்லா இருக்காது."

ஏழு முகூர்த்தம் என்ற சந்தோஷம் முழுசாக உள்ளே இறங்குவதற்குள் இது வந்து குறுக்கே நின்றது. தனியாக வா. எப்படி வர? யாரிடம் விட்டுவிட்டு வர? கேட்டால் ஏழும் போய்விடும். "சரிம்மா" என்றாள். இன்றைக்கு அவள் எத்தனை சரி சொன்னாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

கரீம் பாட்சாவுக்கு வேறு லோடு இருந்தது. பஸ்ஸில்தான் திரும்பினார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை விட்டு, இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. இசக்கிசெல்வி அரசியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மகேஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

"முடிஞ்சிட்டு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு. தையில ஏழு கல்யாணத்துக்கும் தட்டு என்னுதுதானாம்."

மறுமுனையில் அவன், "நல்லது" என்றான். பிறகு, "குழம்பு வச்சிருக்கேன், உப்பு மட்டும் பாத்துக்கிடு" என்றான்.

போனைப் பையில் போட்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக முதுகைச் சாய்த்தாள். விரலில் பசை சுட்ட இடம் எரிந்தது. இருந்தாலும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தோள் குலுங்குவதைக் கவனித்தாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அரசி சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, எதுக்கு அழுத? அதான் எல்லாம் சரியாப் போச்சுல்லா? உன்னைய யாரும் ஏச மாட்டாங்க."

அரசி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப, தட்டு வேலைய நீ விடமாட்டியாம்மா? நான் பதினொண்ணையும் பிச்சுப் போட்டேனே."